ஐந்து சுற்று வயர்

நானூற்றி ஐம்பது ரூபாய் மீட்டர்.
பிளக் வயரில் ஐந்து சுற்று,
சீக்குப் பிள்ளைக்குக் கயிறு கட்டுவதுபோல.

ஐடிலில் இரண்டாயிரத்து எண்ணூறு காட்டியது.
"பொய்யில்லா சொல்லுது" என்றார் பீர்மைதீன்,
மேலப்பாளையம் பட்டறையில்
சால்னாவிலிருந்து தலை நிமிராமல்.
செட்டிங்கை மாற்றினேன். ஆயிரத்து நானூறு.
சுற்றுக்கு ஒரு பொறி,
அதில் பாதி வீண்பொறியாம்.
என் வசூல் லைனும் அப்படித்தான்:
பத்துக் கதவு தட்டினால் அஞ்சு பூட்டு.

பணகுடி எதிர்க்காற்றில்
கைப்பிடி முறுக்கியது முறுக்கியபடி இருக்க
எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.
உள்ளங்காலால் கேட்டு கியர் மாற்றுகிறவன்
இன்று கண்ணால் கேட்டேன்;
காவல்கிணறு விலக்கு போய்விட்டது.

ஓரமாக நிறுத்தி அணைத்தேன்.
சைபர் வரவில்லை.
மொத்த ஓட்டம் ஒண்ணேகால் மணி நேரம்
என்று மினுக்கியது,
பதினோரு வருஷ வண்டியைப் பார்த்து.