நாலடிக் கயிறு

உதவியின்றிப் பத்து அடி நடக்கிறானா?
நடக்கிறான்.
நாலாவது அடியில் நின்றுவிடுகிறான்.
இடுப்பில் கட்டிய கயிறு
கட்டில் காலிலிருந்து அவ்வளவுதான் நீளும்.
ஐந்தாவது அடியில் அடுப்பு.

'இல்லை' என்ற கட்டத்தின் மேல்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
அவிழ்த்துவிடு என்றேன் துல்மாவிடம்.
கூடாரத்து வாசல் தாண்டி
மோட்டார் சைக்கிள் தாண்டி
ஆட்டுப்பட்டி வரை போனான்.
எண்ணுவதை நான்தான் நிறுத்தினேன்.

படி ஏறுவானா என்றது அடுத்தது.
கோபியின் இந்த மூலையில்
படி என்று இருப்பது என் மருந்தகத்தில்தான்.
மூன்று. நடுப்படி உடைந்தது.
"ஒட்டகம் மண்டியிட்டால் திமில்வரை ஏறப்பார்க்கிறான்,
எழுதிக்கொள்" என்றாள்.
எழுதக் கட்டம் இல்லை.

அவன் அண்ணனுக்கு மூன்று வயது.
பெட்டியில் வந்த வண்ணக் கட்டைகளை
முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டான்.
ஆட்டின் கணுக்கால் எலும்புகளைத் தந்தேன்.
அப்போதும் அடுக்கவில்லை.
உருட்டி, விழுந்த பக்கம் பார்த்து
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்று பிரித்து
குதிரைகளைத் தனக்கு வைத்துக்கொண்டு
மிச்சத்தை எனக்குத் தள்ளினான்.

உன் பெயர் என்ன?
"நெர்குய்."
பெயரில்லாதவன் என்று அர்த்தம்.
அவனுக்கு முன் இரண்டு போயிருந்தன.
மூன்றாவதைத் தேடி வருவது
வாசலில் நின்று குழம்பித் திரும்பட்டும் என்று வைத்தது.

என் தாள் உலான்பாத்தரில் ஆங்கிலமாகி
எங்கோ ஓர் அலுவலகம் போய்
வசந்தத்தில் திரும்பி வந்தது:
'பெயர் கேட்டால் பெயரில்லை என்கிறான்.
மேல் பரிசோதனை தேவை.'
சாவை ஏய்த்த பெயர்
அவர்களை விட்டுவைக்குமா?
சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டினான்
என்னோடு வேலை செய்யும் பாட்சுக்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் திருத்தினோம்.
படி போய்ச் சேணம் வந்தது.
முட்கரண்டி போனது.
கண்ணாடியில் தன்னை அறிகிறதா என்பதற்கு
இரண்டு நாள் சண்டை போட்டோம்.
'எங்கள் பிள்ளைகள் அப்படித்தான்'
சொல்லிச் சொல்லி
நாக்கு அதில் ருசி கண்டுவிட்டது.

மணியோசைக்குத் திரும்புகிறாளா?
அதையும் அடிக்கத்தான் கோடு இழுத்தேன்.
இங்கே யார் மணி அடிக்கிறார்கள்,
நாளெல்லாம் காற்றுதானே ஊளையிடுகிறது.

ஹொங்கோர்சுல், பதினான்கு மாதம்.
அமைதியான பிள்ளை என்றாள் அவள் அம்மா,
புழுதிப்புயலிலும் தூங்குவாளாம்.
வெட்டவெளியில் வளர்ந்தது அப்படித்தான் இருக்கும்
என்று நானும் சொன்னேன்.
வாய் மூடுவதற்குள்
அடுப்பின் தகரமூடி விழுந்தது.

நாய் எழுந்தது.
கையிலிருந்த கோப்பை சிந்தியது.
வெளியே கட்டியிருந்த குதிரைகூடக்
கயிற்றை இழுத்தது.
அவள் என் மடியில்
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்,
மிகக் கவனமாக,
அதைத் தவிர உலகில் ஒன்றும் நடக்கவில்லை என்பதுபோல.

மணியை அடித்துவிட்டு
அடுப்புமூடி என்று எழுதினேன்.
கேள்வியை விட்டுவைத்தேன்.

என்ன எழுதினாய் என்றாள் அம்மா.
இல்லை என்று.
எது இல்லை?
மாகாண மருத்துவமனைக்கு இருநூறு கிலோமீட்டர்.
யாரிடம் ஜீப் கேட்பது என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.