இதர

கையில் வருவது பதினாறாயிரத்து எழுநூற்று நாற்பது.
பி.எஃப். போக,
லேட்டுக்குப் பிடித்த அரைநாள் போக.

முதல் மாதம் நான் போட்ட பட்ஜெட்
வேறு யாரோ ஒருத்திக்கானது.
அவளுக்குச் சாயங்காலம் நாலரைக்குப் பசிக்காது.
தலைவலி, தூரம், பல்வலி எதுவும் கிடையாது.
தேரடியிலிருந்து சாத்தாங்காட்டு யார்டு வரை
கன்டெய்னர் லாரிகளின் ஓரமாகவே நடந்துவிடுவாள்,
சிரித்த முகமாக, குடை இல்லாமல்.
மாதக் கடைசியில் அவளுக்கு மூவாயிரம் மிஞ்சியது.
எனக்குப் பத்தொன்பதாம் தேதியே
ஜிபேயைத் திறக்கப் பயம்.

ரெண்டாவது மாதம் நோட்டின் பின்பக்கத்தில்
எனக்காக எழுத உட்கார்ந்தேன்.

வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு. பேச்சே இல்லை.
கொருக்குப்பேட்டை வீட்டுக்கும் இந்த மாடி அறைக்கும்
நடுவில் ஆறு கிலோமீட்டர்தான்.
அந்த ஆறு கிலோமீட்டரைத்தான்
மாதாமாதம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

கரண்ட் யூனிட் எட்டு ரூபாய்.
சர்க்கார் ரேட் எனக்குத் தெரியும் என்பது
ஹவுஸ் ஓனர் மெர்சிக்கும் தெரியும்.
மாடிப்படியில் பார்த்தால்
இருவரும் கொசுவைப் பற்றிப் பேசுவோம்.

அட்வான்சுக்காக அடகில் கிடக்கும் செயினுக்கு வட்டி.
சீட்டு ஆயிரம்.
அம்மாவுக்கு மூவாயிரம்.
"எனக்கெதுக்குடி, நீ பாத்துக்க" என்பாள்,
ரெண்டாம் தேதி தாண்டினால்
மிஸ்டு கால் கொடுப்பாள்.

அமுதவல்லி அனுப்பிய எக்செல்லில்
பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம் இருந்தது.
கடலோரப் பாறையில் உட்காரக் காசு வேண்டாம்.
ஆனால் உட்கார்ந்த பத்தாவது நிமிடம்
மீன் வறுக்கிற வாசனை வரும்.
எழுதினேன்: பாறை, நூற்றிருபது.

அப்புறம்,
போன மாதம் 'இதர' என்று போட்டு
மூடி வைத்ததையெல்லாம்
பேர் சொல்லி வெளியே கூப்பிட்டேன்.

கோபம், இருநூற்று நாற்பது.
மேனேஜர் கத்தினால் நான் பிரியாணி சாப்பிடுகிறேன்.
மாதம் ரெண்டு முறை கத்துகிறார்.
இதில் இருவரும் மாறுவதாக இல்லை.

பயம், முந்நூறு.
ஒன்பது மணிக்கு மேல் யார்டு வாசலில்
ஷேர் ஆட்டோ வராத ராத்திரிகளுக்கு.

கௌரவம், ஐந்நூறு.
கேன்டீன் துலுக்காணம் மகள் கல்யாண மொய்.
முந்நூறு வைக்கலாம்,
மைக்கில் படிப்பார்கள்.

மழை, முந்நூறு.
ஐப்பசித் தண்ணி என்றைக்கு வருமென்று தெரியாது,
எவ்வளவு வருமென்று தெரியும்.
தெருவில் முழங்கால் வரை நிற்கும் ஒரு வாரம்
யார்டு மூடும், நாள் சம்பளம் வெட்டும்,
தண்ணீர் கேன் எண்பதுக்கு ஏறும்.
கத்திரி வெயிலில்
வேர்த்துக் கொட்டிக்கொண்டு
மழைக்குக் காசு எடுத்து வைத்தவள்
இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாக இருப்பேன்.

கூட்டினேன்.
நானூற்றுப் பத்து துண்டு விழுந்தது.
மறுபடி கூட்டினேன். அதே நானூற்றுப் பத்து.

எதில் கை வைப்பது.
கோபத்தைக் குறைக்கலாமா என்று பார்த்தேன்,
அது தானாக ஏறியது.
பயத்தைத் தொட அண்ணன் விடமாட்டான்,
அவன் காசு தரவும் மாட்டான்.
பென்சில் மேலேறி
அம்மா பக்கத்தில் போய் நின்றது.
மூவாயிரத்தை அழித்தேன். எழுதினேன். அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மட்டும்
ரப்பர் பட்டு மெலிந்துபோனது.
ரெண்டாயிரத்து அறுநூறு.

மூன்றாம் தேதி மிஸ்டு கால் வந்தது.
திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி.
டேங்கர் டேங்கராகப் போய் முடியும் வரை
ரெண்டு பேரும் பேசவில்லை.
சிக்னலுக்காக நடுவில் ஒருதரம் நின்று
மறுபடி நகர்ந்தது.

"கரண்ட்டுக்கு எவ்ளோ புடிக்கிறா அந்தப் பொம்பள?"

"எட்டு."

"அடிப்பாவி" என்றாள்.
மெர்சியைத்தான் என்று நினைக்கிறேன்.

கணக்கு இன்னும் பத்து ரூபாய் உதைக்கிறது.