நாரி

டொய்ச்சில் நாரிக்குச் சிலுவை என்று பேர்.
கிறோய்ட்ஸ்.
சொன்னதும் அமிர்தநாயகம் அண்ணை சிரித்தார்.
சிரிப்பு பாதியில் இடறி
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

ஓல்டன் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
யன்னலில் ஆரே ஆற்றின் மூடுபனி.
அந்தக் குளிரிலும் சுவெற்றரைக் கழற்றி
இடுப்பில் கட்டியிருந்தார். கவனித்தேன்.
கேட்பது என் வேலையில்லை.
மணிக்கு எழுபது பிராங்குக்கு நான் அவருடைய வாய்.
வாய்க்கும் ஒரு நாரி உண்டு:
பிளாஸ்டிக் கதிரையில் என் வலது பிட்டத்திலிருந்து
குதிக்கால்வரை ஒரு கம்பி
சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி நோகுது?
"உளையுது. பிறகு விறைக்குது.
பிறகு மிளகாய் அரைச்சுப் பூசினமாதிரிக்
கால் முழுக்க எரியுது."
உளைவுக்குத் தடுமாறினேன்.
மிளகாயை அப்படியே கொடுத்தேன்.
டொக்டர் ப்ளாட்னர் எழுதிக்கொண்டார்.
சுழியம் தொடங்கிப் பத்துவரை எத்தனை?
"பத்து, பிள்ளைப்பெறுவுக்கு விடுவம்.
எனக்கு எட்டெண்டு போடு."

முள்ளந்தண்டுப் பொம்மை மேசைக்கு வந்தது.
நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே
சிவப்பாய் ஒரு பிதுக்கம், நரம்பில் சாய்ந்தபடி.
கொழுக்கட்டை வெடித்து
உள்ளுடன் வெளியே வந்தமாதிரி என்றேன்.
அவர் அப்படிச் சொல்லவில்லை.
முப்பத்தொரு வருசம் ஹோட்டல் குசினியில்
நாற்பது லீற்றர்ச் சூப்புக் கிடாரம் தூக்கியவருக்கு
நானாகச் சேர்த்தது அது.

அநேகம்பேருக்குக் கத்தி தேவைப்படாது.
ஆறு கிழமை. குளிசை, நடை, பயிற்சி.
படுத்தே கிடக்கக் கூடாது,
பாரம் தூக்கக் கூடாது,
கனநேரம் இருக்கவும் கூடாது.
"அப்ப என்னதான் செய்யிறது, பறக்கிறதோ?"
இதையும் மொழிபெயர்த்தேன்.
ப்ளாட்னர் சிரிக்கவில்லை. பேனாவை நிமிர்த்தி
அடுத்ததைக் கேட்டார்.

அது குதிரைச் சேணம் படுகிற இடத்தைப் பற்றியது.
எனக்கு அவருடைய மகளின் வயது.
தரையைப் பார்த்துக் கேட்டேன்:
"அண்ணை, அந்த இடம் மரத்திருக்கோ?
சலம் போறது தெரியுதோ?"
"இல்லை இல்லை, எல்லாம் சரி."
கேள்வி முடியமுதலே வந்த பதில்.
நைன், என்றேன். எல்லாம் சரியாம்.

லிப்டில்,
பொத்தான்களைப் பார்த்தபடி:
"பிள்ளை, முந்தநாள் தொடக்கம்
நனைஞ்சாப்பிறகுதான் தெரியுது.
மனுசிக்கும் சொல்லேல்லை."

அறைக்கு வெளியே கேட்பது
என் காதில் விழாதது;
ஒப்பந்தம், நாலாம் பக்கம்.
கீழ்த்தளத்தில் கதவு திறந்தது.
ஒருவர் பூக்கொத்தோடு ஏற நின்றார்.
நான் மூன்றை அழுத்தினேன்.
"வேண்டாம், பிள்ளை."
"நீங்களே சொல்லுங்கோ, அண்ணை.
நான் சுவரைப் பாத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறன்."

சுவரில் ஒரு கலண்டர். பனிமலை, பசு.
பசுவைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னேன்.
முதுகுக்குப் பின்னால்
கதிரை தள்ளப்படும் சத்தம்,
தொலைபேசி, இன்னொரு தொலைபேசி.
ஆறு கிழமை ஆறு மணித்தியாலமாயிற்று.
இரவே வெட்டினார்கள்.
அதுவரை நின்றே மொழிபெயர்த்தேன்,
இருக்க முடியவில்லை.

ஞாயிறு ஒரு செய்தி வந்தது:
"சலம் போகுது. இப்ப சொல்லிப்போட்டுப் போகுது."

திங்கள் எனக்கும் ஒரு நேரம் எடுக்க
அதே இலக்கத்துக்கு அழைத்தேன்.
மொழிபெயர்ப்பாளர் தேவையா
என்று கேட்டார்கள்.
கொஞ்சம் யோசித்தேன்.