ஒன்றுக்குப் பன்னிரண்டு

பதினான்கு படி.
ஒவ்வொன்றும் அரையடி.
ஜினதாச பாஸ் நாடா பிடித்து ஏறி ஏறி அளந்தார்.
நான் கீழே, நாற்காலியில், குடையோடு.

"ஓர் அங்குலம் ஏற ஓரடி ஓடவேணும், நங்கி.
ஏழடிக்கு எண்பத்து நாலு."
பொகவந்தலாவையில் ஆஸ்பத்திரிக்கு ஒன்று கட்டிய கை.
கமிட்டி நம்பவில்லை.
ஏழடிக்கு எதுக்குய்யா எண்பத்து நாலு?
இத்தனை தூரத்தைப் படிகள் மடித்து வைத்திருந்தது
ஏறிப் பழகிய கால்களுக்கு
எப்படித் தெரியும்?

படிக்கு மேலேயே சீமெந்து போட்டுச் சரித்துவிடலாம்
என்றான் ஒருவன்.
அப்போதுதான் எல்லோரும் குனிந்தார்கள்.
கோப்பி செத்துத் தேயிலை வந்த காலத்துக் கல்.
மூன்றாம் படி, கருப்பாயி உபயம்.
ஏழாம் படியில் பெயரில்லை,
ஒரு கவ்வாத்துக் கத்தி மட்டும் செதுக்கியிருக்கிறது.
எழுதத் தெரியாத யாரோ.
ஒன்பதாவது எங்கள் பூட்டன்,
திருச்சி சில்லா, முசிறி.
சின்னதில் அதைச் சில்லு என்றே வாசித்தேன்.
இவ்வளவு மிதித்தும் அழியாததை
எனக்காகப் புதையுங்கள் என்று சொல்ல
வாய் வரவில்லை.

"அப்ப தூக்கிட்டுப் போறோம் புள்ள,
நாலு பயலுக போதும்" என்றார் தலைவர்.
இரண்டு திருவிழாவுக்குத் தூக்கினார்கள்.
ஒருவன் குடித்திருந்தான்.
இன்னொருவன் கை
இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.
மாரியம்மாவையும் தூக்குகிறார்கள்தான்.
இறங்கினால் அவளுக்குத் தேர் நிற்கிறது.
எனக்கோ
எப்போது இறக்குவார்கள் என்பதிலேயே
பாதிப் பூசை போய்விடும்.

மிச்சம் பின்பக்கம்தான். தேயிலைக்குள்ளால்.
அது கம்பெனி நிலம்.
மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது:
நாற்பத்தொரு செடி பிடுங்கவேண்டும்,
செடிக்கு இவ்வளவு நட்டஈடு.
பதினாறாம் மலையில் கொழுந்துச் சாக்கோடு சரிந்து
என் முதுகு போன அன்றைக்கு
செக்ரோலில் எனக்கு அரைப்பேர்.
செடியின் விலையை
இரண்டு தரம் வாசித்தேன்.

கொழும்புக் கடைகளில் நிற்கிற பிள்ளைகள்
காசு அனுப்பினார்கள்.
ஆவணி மழைக்குள்ளேயே
மூன்று மடக்காய் வளைந்து முடிந்தது பாதை.

பிறகு சில்லுப் பிரச்சினை.
ரோட்டுச் சேற்றோடு உள்ளே வரலாமா?
சில்லு செருப்பா, காலா?
இதற்கு மட்டும் இரண்டு கூட்டம்.
இரண்டாவதில் பூசாரி பரமகுரு
பேச்சின் நடுவில் எழுந்து போய்
வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்.
பெரிய சில்லு இரண்டிலும் ஊற்றினார்.
முன்னால் இருக்கிற குட்டிச் சில்லுகளுக்கும்
குனிந்து ஊற்றினார்.
"கால்தான்" என்றார்.
கூட்டக் குறிப்பில் அதை எப்படி எழுதுவதென்று
செயலாளருக்குத் தெரியவில்லை.

நான் போனது ஒரு செவ்வாய், வேலை நாள்.
தப்பு இல்லை, மாலை இல்லை, கூட வர ஆளில்லை.
இரண்டு தரம் நின்றேன், உள்ளங்கை எரிந்தது.
பிடுங்கிய வேர் வாசம்
இன்னும் மண்ணில் இருந்தது.
மூன்றாம் மடக்கில் அட்டை ஒன்று
என் காலில் ஏறிக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரியாது,
கண்ணில் பட்டதால் எடுத்துப்போட்டேன்.

மேலே வந்தேன். மணி தெரிந்தது.
உள்ளே அவள் புடவைக் கரை, மஞ்சள்.
நடுவில் மண்டபத்து வாசற்கல்.
பதினைந்தாவது.
யாரும் எண்ணாதது.
எண்ணாமலே தாண்டுகிற உயரம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.
அவளும் பேசவில்லை.
பிறகு போனை எடுத்து ஜினதாச பாஸுக்கு அடித்தேன்.
"எத்தனை அங்குலம்?"
"ஆறு இருக்கும்."
"அப்ப ஆறடி வேணும். வெளியே இடமிருக்கா?"

நாடா என்னிடம் இல்லை.
சில்லில் ஓரிடத்தில் திருநீறு பூசினேன்,
பின்னுக்கு உருட்டினேன்.
பூசிய இடம் மேலே போய்
திரும்பவும் தரையைத் தொட்டது.
ஒரு முழுச் சுற்று. ஆறடிக்குக் கொஞ்சம் மேல்.
முதுகுக்குப் பின்னால்
இன்னும் தரை இருந்தது.

"இருக்கு, பாஸ்" என்றேன்.