சோதனைப் பிரிவு

"பத்துப் பரிமாணம் வேணும்னு அடம்பிடிச்சவ நீ.
இப்ப ஒத்த ரூமுக்கு வாடகை கட்டுறே, லா."
கோப்பி ஓவைக் கலக்கிக்கொண்டே சொன்னான் பதுருதீன்.
பினாங்கு, பாயான் லெப்பாஸ், காலை ஏழேகால்.
சாலைக்கு எதிரே தொழிற்சாலை வாசலில்
இரவு ஷிப்டின் நீலச் சட்டைகளைப்
பேருந்துகள் அள்ளிக்கொண்டிருந்தன.
என் சட்டையும் நீலம்தான்.

ஒன்பது வருடம் முன்பு கெலுகோர் வளாகத்தில்
எங்களுக்கு ஒரே அறை, ஒரே வெண்பலகை,
நடுவில் சிவப்பு மையால் ஒரு கோடு.
இந்தப் பக்கம் என் இழைகள்: அதிரும், அதிர்வே துகளாகும்.
அந்தப் பக்கம் அவன் கண்ணிகள்: பின்னிப் பின்னி
வெளியையே வலையாக்குகிறவை.
வலைக்குக் கீழே கடல் கிடையாது என்பான்.
கோட்டைத் தாண்டி எழுதுகிறவர்
அன்றைய தேநீருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

எத்தனை இரவு. எத்தனை தேநீர்.
"உன் இழை ஆட ஒரு மேடை வேணும்.
அதை யாரு போட்டா?
மேடையும் சேந்து ஆடுதுங்கறதுதானே சார்பியல்?"
"நீ வெளியை அரிசி அரிசியா உடைச்சிட்டே.
சரி. வேகவச்சு
ஒரு கவளம் சோறு காட்டு.
இந்த மேசை மாதிரி வழவழன்னு ஒரு இடம், ஒரு நேரம்."
காட்ட முடிந்ததில்லை அவனால்.
மேடை போட்டது யாரென்று
சொல்ல முடிந்ததில்லை என்னால்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.
ஈர்ப்பை யாரும் அழைக்கவில்லை.
அணுக்கருவின் பசையைக் கணக்கிடப் போன வீட்டில்
நிறையற்ற, சுழற்சி இரண்டுடைய ஒரு துகள்
தானாக வந்து உட்கார்ந்தது.
துரத்திப் பார்த்தார்கள். நகரவில்லை.
அப்புறம்தான் முகத்தை உற்றுப் பார்த்தார்கள்:
மாங்காயை விழவைக்கிற அதே முகம்.
அழையாமல் வந்ததை எப்படிப் பொய்யென்பது?

இப்போது என் வேலை வேறு.
வட்டத்தகட்டில் ஆயிரத்து நூறு சில்லுகள்.
ஊசிகள் இறங்கித் தொட்டு எழும்.
தேறாதவை திரையில் சிவக்கும்.
சோதிக்காத எதுவும் அந்த வாசலைத் தாண்டாது.
"உன் கோட்பாட்டை அந்த மெஷின்ல வச்சா?" என்றான்.
அந்த நீளத்தைத் தொடும் ஊசியை
எந்தப் பட்டறையில் செய்வது?
"உன்னுதை வை" என்றேன்.
ரொட்டி சானாய் வந்தது.
இருவரும் டால்ச்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கருந்துளையின் பரப்பில் நாலில் ஒன்று:
அந்த எண்ணை இரு பக்கமும் எட்டியிருக்கிறோம்.
நாங்கள் எட்டியது
வானத்தில் எங்குமே காணாத வகைக் கருந்துளைகளுக்கு.
அவர்கள் எட்டியது ஒரு திருகைத் திருகி,
விடை பார்த்தபின் வழியெழுதும் பிள்ளைகளைப் போல.
இதைச் சொன்னால் முன்பெல்லாம் கத்துவான்.
இன்று கத்தவில்லை.

"வேலை கெடச்சிருக்கு" என்றான். "ரெண்டு வருஷம்."
"எங்கே?"
"உங்க ஆளுங்ககிட்ட. இழைக் குழு."
ரொட்டியைப் பிய்த்தான், தின்னவில்லை.
"கண்ணிக்குக் காசு போடறவன் எவனும் இல்ல.
உன் பழைய நோட்டெல்லாம் இருக்கா?"

இருக்கிறது. கட்டிலடியில் ஒரு மைலோ பெட்டியில்,
தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி.
மிச்சமுள்ள ஆறு பரிமாணங்களையும்
அங்கேதான் சுருட்டி வைத்திருக்கிறேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான்.
அதற்குப் பதில் என் வாய்
அவன் வாதத்தை அவனிடமே பேச ஆரம்பித்தது:
அங்கே போயும் மேடையை யார் போட்டதென்று கேள்,
ஐந்நூறு சுழியம் போட்ட அண்டங்களைக் காட்டி
எல்லாம் சாத்தியம் என்பார்கள், மயங்காதே,
முடுக்கியில் வரும் வரும் என்ற ஜோடித் துகள்கள்
ஒன்றுகூட இன்னும் வரவில்லை, அதைக் கேள்,
உன் அரிசியைக் கீழே கொட்டிவிடாதே.

கடைப் பையன் சீட்டோடு வந்து நின்றான்.
கோட்டைத் தாண்டியவர் யாரென்று
அவனுக்கு என்ன தெரியும்.
இரண்டு பத்து ரிங்கிட் தாள்கள் நீண்டிருந்தன.
கிட்டே இருந்ததை உருவிக்கொண்டு
அடுத்த மேசைக்குப் போனான்.