தாழ்ப்பாள்

ஆம்பூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்,
பாலாற்று மணலை ஒட்டி
எங்கள் வாலிபால் கிளப்.
நான் பொருளாளர்.
அதாவது, பணம் இல்லை என்று சொல்கிறவன்.

வாணியம்பாடியில் ஜெயித்த ஆறாயிரத்துக்கும்
புது நெட் என்று கை தூக்கியிருந்தோம்.
பழையதில் பந்து என்ன,
ஜீவரத்தினமே நுழைந்து போவான்.

ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து
கையில் பசை வாசத்தோடு வருவாள் தபஸ்ஸும்.
அவள் தூக்கிக் கொடுத்தால்
பந்து ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் இறங்கும்.
சித்திரைப் புழுக்கத்தில், மூன்றாம் செட்டில்,
கோட்டின் மேலேயே சரிந்தாள்.

நோன்பா என்றோம்.
வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றோம்.
காலையில் என்ன சாப்பிட்டாய் என்றோம்.

மெர்லின்தான் சொன்னாள், ஷூ லேசைப் பார்த்தபடி:
"கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லண்ணா.
மதியத்துலேர்ந்து நாங்க யாரும்
தண்ணி குடிக்கிறதில்ல."

மூன்று வருஷம்.
என் நோட்டில் பந்து இருக்கிறது, விசில் இருக்கிறது,
நடுவருக்கு வாங்கிய பிரியாணிகூட இருக்கிறது.

நெட்டுக்கு மறுபடி முடிச்சுப் போட்டோம்.
கதவே மக்கியிருந்தது; புதுக் கதவு, பல்பு, வாளி.
திருகாணியைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஜீவரத்தினம் தாழ்ப்பாளோடு மல்லுக்கு நின்றான்.
டார்ச் பிடித்த எனக்கு
அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த மாதக் கணக்கில் புதிதாய் ஒரு வரி:
தண்ணீர் கேன், நாளுக்கு இன்னொன்று,
முப்பது ரூபாய்.
கட்டுப்படியாகாது என்று சொல்ல
வாயைத் திறந்து
மூடிக்கொண்டேன்.