நூற்றுப் பதினேழாவது வரி

ரீகாவில் ஆற்றுக்கு அடியில் டிராம் போக வேண்டும்.
அதற்கு இருபத்தாறு ஒப்பந்தங்கள், நான்கு வங்கிகள்,
ஒரு மந்திரி, ஒரு தேர்தல் தேதி,
கடைசியில் நான்.
என்னென்ன கெடக்கூடும் என்று
கட்டம் கட்டமாக எழுதிவைப்பது என் வேலை.
விருந்துகளில் என் பக்கத்து நாற்காலி
பெரும்பாலும் காலி.

நூற்றுப் பதினேழாவது வரி மணலைப் பற்றியது.
துளையிடும் தால்வால்திஸ் அதை
ஜாம் பாட்டிலில் கொண்டுவந்தான்.
"விஸ்மா, இது மணல் இல்லை,
மணல் வேஷம் போட்ட தண்ணீர்."
நான்காம் குழிக்கும் ஐந்தாம் குழிக்கும் நடுவே
அறுபது மீட்டர்.
மேலே மருந்துக்கடை, மழலையர் பள்ளி,
மாடி ஜன்னல்களில் உறைபனியைத் தாங்கும் ஏதோ செடி.
வாய்ப்பு நான்கு. சேதம் ஐந்து.
பெருக்கினால் இருபது.
சிவப்பு.

இயக்குநர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது,
மிக இதமாக.
சிவப்பைப் பார்த்தால் வங்கிகள் கேள்வி கேட்குமாம்.
வாய்ப்பை மூன்றாக்கினால் என்ன?
ஆக்கினேன்.
அடுத்த காலாண்டில் சேதமும் மூன்று.
அதற்கடுத்து, வாய்ப்பு ஒன்று.
பழுத்துச் சிவந்தது மஞ்சளாகி,
மஞ்சள் திரும்பக் காயாகிப் பச்சையானதை
எந்த மரத்திலும் கண்டதில்லை.
என் திரையில் கண்டேன்.
என் விரல்தான் செய்தது.
பாட்டிலில் மணல்
அதே சாம்பல் நிறத்தில் இருந்தது.

கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம்:
கவனத்தில் கொள்ளப்பட்டது.
பதினான்கு மாதம்
கவனத்தில் கொண்டுகொண்டே இருந்தார்கள்.
பொறுப்பாளர் என்ற கட்டத்தில் 'அனைவரும்'.
அந்த அனைவரையும் நான் தேடிப் பார்த்தேன்,
மூன்றாம் மாடியிலும் இல்லை, கேன்டீனிலும் இல்லை.

பிப்ரவரியில் மருந்துக்கடைப் படி
பதினொரு மில்லிமீட்டர் இறங்கியது.
குதிகால் உயரம்கூட இல்லை.
கடைக்காரி எக்லீதே மட்டும் சொன்னாள்,
கதவு இப்போதெல்லாம் தானாகத் திறக்கிறதென்று.

அன்றைய கூட்டத்துக்குப் பாட்டிலை எடுத்துப் போனேன்.
முதலில் என் குற்றத்தைச் சொன்னேன்,
இருபது எப்படி மூன்றானது என்று,
தேதி வாரியாக.
பிறகு கேட்டேன்:
'அனைவரும்' வேண்டாம்,
இந்தக் கட்டத்தில் ஒரு மனிதப் பெயர்.
பேனா மேஜையைச் சுற்றியது,
சூடான கரண்டி போல, யார் கையிலும் தங்காமல்.
பதின்மூன்று நாற்காலி.
பன்னிரண்டாவதில் கணக்குப் பார்க்கும் ஒயார்ஸ்,
வாய் திறந்து யாரும் கேட்டிராத ஆள்,
எழுதினான். மூடியை மாட்டினான்.
"சரி. நான் சொன்னால் இயந்திரம் நிற்குமா?"

யாரும் பதில் சொல்லவில்லை.
நிறுத்த முடியாதவன் பெயர் எதற்கு,
கல்வெட்டுக்கா?
அந்த ஒரு கேள்விக்கு இரவு ஒன்பதே கால்வரை ஆனது.
கடைசியில் புதிதாக ஒரு கட்டம் போட்டோம்:
யார் சொன்னால் நிற்கும்.

நின்றது. பதினோரு வாரம்.
மணலுக்குள் சிமென்ட்பால் செலுத்தினார்கள்.
பத்திரிகைகள் தாமதம் என்று எழுதின, சரிதான்.
மந்திரியின் ரிப்பன் தேர்தலைத் தாண்டிப் போனது.
ஒயார்ஸுக்கு அந்த ஆண்டு ஊக்கத்தொகை இல்லை.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்?
காலை எட்டேகாலுக்கு டிராம் அடியில் போகும்போது
மருந்துக்கடையில் இருமல் மருந்துக் குப்பிகள்
லேசாகக் கிணுகிணுக்கின்றன,
அவ்வளவுதான்.

பாட்டில் என் ஜன்னலில் இருக்கிறது.
அடியில் மணல், மேலே தெளிந்த நீர்.
தேனா என்று கேட்கிறார்கள் புதிதாக வருபவர்கள்.
எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டுகிறேன்.
நூற்றுப் பதினெட்டாவது வரி, புகை வெளியேற்றும் விசிறிகள்.
பொறுப்பாளர் கட்டத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்,
'அனை' வரை.